13 மிமீ க்யூவுக்கு எந்த டிப்? ஹார்டா, மீடியமா, சாஃப்டா?

பனங்காடு (கொழிஞ்சாம்பாறை):

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, வேலை பொள்ளாச்சியில். நாலு வருஷமாக பூல் ஆடுகிறேன். வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வீடு போவதற்கு முன்னால் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான். இத்தனை நாளும் பூல் பார்லரில் கிடக்கிற க்யூவிலேயே (பந்தை அடிக்கும் கோல்) ஆடினேன். இரண்டு மாதம் முன்பு காசு சேர்த்துச் சொந்தமாக ஒன்று வாங்கினேன். மேப்பிள் மர ஷாஃப்ட் (க்யூவின் முன்பாகம்), முனை 13 மிமீ.

வாங்கிய பத்தாம் நாள், முனையில் ஒட்டியிருந்த தோல் டிப் கழன்று விழுந்துவிட்டது. ஒரு கடையில் கொடுத்து வேறு டிப் போட்டேன். சாஃப்ட் கேட்டேன், சாஃப்ட் என்று சொல்லித்தான் போட்டார்கள். ஆனால் ஸ்க்ரூ, அதாவது வெள்ளைப் பந்தைப் பின்னால் வரவைக்கும் அடி, வரவே மாட்டேன் என்கிறது. பொருள் பந்து (குறிவைத்த பந்து) குழியில் விழுகிறது, வெள்ளைப் பந்து பின்னால் வராமல் அங்கேயே நின்றுவிடுகிறது. கொஞ்சம் கீழே இறக்கி அடித்தால் மிஸ் க்யூ, டிப் வழுக்கிவிடுகிறது. போன சனிக்கிழமை ஒரே ஆட்டத்தில் மூன்று முறை வழுக்கியது. பார்லர் க்யூவிலேயே இதைவிட நன்றாக ஆடினேன்.

"உனக்கு சாஃப்ட் ஒத்துவரவில்லை, ஹார்டு போடு" என்கிறார் ஒருவர். "ஸ்பின் வேண்டுமென்றால் சாஃப்ட்தான், உன் கையில்தான் கோளாறு" என்கிறார் இன்னொருவர். எங்கள் ஊரில் டிப் மாற்றித் தரும் ஆள் கிடையாது. இந்த முறையாவது சரியாக வாங்க வேண்டும். எதை வாங்கலாம்?

கூடலூர் 9 மிமீ:

தம்பி, சாஃப்டை விட்டுப் போகாதீர்கள். நான் ஸ்னூக்கர்காரன். இருபது வருஷமாக எல்க் மாஸ்டர் என்ற சாஃப்ட் டிப்தான், வேறு டிப்பில் கை வைத்ததில்லை. பந்தைத் தொடுகிற அந்த ஒரு கணம் கையில் தெரிய வேண்டும், அது சாஃப்டில்தான் தெரியும். வழுக்காமல் இருக்க டிப்பில் பூசும் சாக்கையும் நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு பெட்டியில் 50 டிப் வரும், ஐம்பதும் ஒரே மாதிரி இருக்காது. சிலது பஞ்சு, சிலது கட்டை. நான் ஒவ்வொன்றாக டைல்ஸ் தரையில் போட்டுச் சத்தம் கேட்டுத்தான் பிரிப்பேன். கணீரென்று எழும்புவது ஒரு டப்பா, சத்தமில்லாமல் விழுவது இன்னொரு டப்பா. உங்களுக்குக் கட்டையான ஒன்று வந்து சேர்ந்திருக்கலாம்.

எங்கள் மலைக்கு மேலே ஊட்டி கிளப்பில் 1882இல் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டினார்கள். அன்றைக்கும் முனையில் இருந்தது தோல்தான். நல்ல தோல், நல்ல சாக், வேறென்ன வேண்டும்?

நகரிக்காரன்:

நான் மாறுபடுகிறேன். எங்கள் நகரியில் ஏப்ரல், மே வெயில் எப்படி இருக்கும் என்று திருத்தணிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். தறிக்கூடத்துக்குப் பக்கத்து மாடியில் பார்லர், தகரக் கூரை. அங்கே சாஃப்ட் போட்டு ஆடியிருக்கிறேன். இரண்டு மாதத்தில் ஓரம் காளான் குடை மாதிரி பிதுங்கும். வெட்டி வெட்டி டிப் பாதியாகிவிடும்.

டிரையாங்கிள் என்ற ஹார்டு டிப் போட்டேன், வருஷம் ஓடுகிறது. வடிவம் கலையவில்லை. அடித்த வேகம் அப்படியே பந்துக்குப் போகிறது, கை வலியும் குறைந்தது. டிப் மாற்ற ஆள் இல்லை என்கிறீர்களே, அதற்காகவே நீங்கள் ஹார்டு போட வேண்டும்.

கம்பம்மெட்டு:

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஸ்பின்னையும் மென்மையையும் ஒன்றாகச் சேர்த்தே பேசுகிறோம். பள்ளியில் இயற்பியல் எடுப்பவன் என்பதால் இதை மட்டும் கொஞ்சம் பிரித்துச் சொல்ல ஆசை.

தோல் டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. சாஃப்டில் சற்றுக் கூடும், ஹார்டில் சற்றுக் குறையும். அவ்வளவு நேரத்தில் டிப் பந்தைப் பிடித்துச் சுழற்றி விடுவதெல்லாம் நடக்காது. பந்து எவ்வளவு சுழலும் என்பதைத் தீர்மானிப்பது, நடுவிலிருந்து எவ்வளவு தள்ளித் தொடுகிறோம், எவ்வளவு வேகத்தில் தொடுகிறோம் என்ற இரண்டும்தான். வழுக்காமல் இருந்தால் சரி, சாஃப்டோ ஹார்டோ ஒரே அளவு தள்ளி அடித்தால், ஓட்டத்துக்கு இவ்வளவு சுழற்சி என்ற கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வரும். நகரி நண்பர் வேகத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. ஹார்டு டிப்பில் அமுங்கி வீணாகும் ஆற்றல் குறைவு, அதே அடிக்குப் பந்து கொஞ்சம் வேகமாகப் போகும்.

இனி வழுக்குவதற்கு வருவோம். பூல் பந்தின் விட்டம் 57.15 மிமீ. அதன் நடுவிலிருந்து ஆரத்தில் பாதி, அதாவது சுமார் 14 மிமீ வரை தள்ளித் தொடலாம். அதைத் தாண்டினால் எந்த டிப்பும் வழுக்கும். பனங்காடு அந்த எல்லையைத் தாண்டுகிறாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். தாண்டவில்லை என்றால் அடுத்த சந்தேகம் டிப்பின் வளைவு.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். டிப்பின் வளைவுக்கு ஆரம் 10 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் நடுவிலிருந்து 14 மிமீ கீழே தொடும்போது, டிப்பில் தொடும் இடம் அதன் நடுவிலிருந்து சுமார் 5 மிமீ தள்ளி இருக்கும். 13 மிமீ டிப்புக்கு ஓரம் 6.5 மிமீயில். ஆக இன்னும் ஒன்றரை மிமீ தோல் மிச்சம். அதே டிப் தட்டையாக, ஆரம் 15 மிமீ என்று இருந்தால், தொட வேண்டிய இடம் 7 மிமீக்கு மேல் போய்விடும். அங்கே தோலே கிடையாது! ஓரத்து முனைதான் பந்தில் இடிக்கும், வழுக்காமல் என்ன செய்யும்?

பனங்காடு:

சார், கணக்கு புரிகிறது. ஆனால் பார்லரில் இரண்டு க்யூவை மாற்றி மாற்றி அடித்தால் வித்தியாசம் கையில் தெளிவாகத் தெரிகிறதே. அது வெறும் நினைப்புதானா?

கம்பம்மெட்டு:

நினைப்பு இல்லை. சத்தம் வேறு, கைக்கு வரும் அதிர்வு வேறு, வேகமும் கொஞ்சம் வேறு. இந்த மூன்றையும் வைத்துத்தான் நம் கை அடுத்த அடியின் பலத்தை முடிவு செய்கிறது. அதனால் உங்கள் கைக்குப் பழகியதைத் தேர்ந்தெடுப்பதில் தப்பே இல்லை. ஸ்பின்னுக்காக என்று மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

செங்கோட்டை சாரல்:

இப்போதுதான் பார்த்தேன். பார்லரில் மார்க்கராக (மேசையையும் க்யூவையும் பார்த்துக்கொள்ளும் ஆள்) இருந்தவன் நான். செங்கோட்டையில் பாதி, புனலூரில் பாதி என்று பதினாறு வருஷம் ஓடியது. எத்தனை டிப் ஒட்டியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

தம்பி, டிப் வாங்குவது இருக்கட்டும். இப்போது இருப்பதை முதலில் பாருங்கள். மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒரு ரூபாய் நாணயம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது புழங்கும் சின்னது. 20 மிமீ விட்டம். டிப்புக்குப் பின்னால் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நாணயத்தின் வளைவும் டிப்பின் வளைவும் சேர்ந்து போக வேண்டும். அமெரிக்காக்காரர்கள் இதற்கு நிக்கல், டைம் என்று அவர்கள் நாணயத்தைச் சொல்வார்கள். நிக்கல் 21 மிமீ சொச்சம், டைம் 18க்குக் கொஞ்சம் குறைவு. நம்முடைய ஒரு ரூபாய் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, பூல் டிப்புக்கு இதைவிட நல்ல அளவுகோல் வேண்டாம். 2011 வரிசையில் வந்த கொஞ்சம் பெரிய ஒரு ரூபாய் 22 மிமீ. அது நிக்கலுக்குப் பக்கத்தில் வரும், அதுவும் பரவாயில்லை.

அடுத்தது, டிப்பின் மேல்பக்கத்தை விரலால் தடவுங்கள். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் சாக் நிற்காது. ஹார்டு டிப்பில் இது சீக்கிரம் வரும், மீடியத்திலும் வரும். உப்புத்தாளை வைத்து லேசாகத் தட்டிச் சொரசொரப்பு கொண்டுவாருங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் உயரம் போகும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமான சந்தேகம். கடையில் என்ன பசை போட்டார்கள்? தண்ணீர் மாதிரி ஓடும் குயிக் பசையா, கெட்டியாக ஜெல் மாதிரி இருப்பதா? சாஃப்ட் டிப்புக்குத் தண்ணிப் பசை போட்டால் தோல் அதைக் குடித்துவிடும். காய்ந்த பிறகு அடிப்பக்கம் பிளாஸ்டிக். பெட்டியில் இருந்தபோது சாஃப்டாக இருந்த டிப், க்யூவில் ஏறியதும் ஹார்டைவிடக் கட்டையாகிவிடும். நான் தொழில் பழகின புதிதில் இப்படி ஒரு டஜன் டிப்பைக் கெடுத்திருக்கிறேன். என்ன நடக்கிறது என்று எனக்கே புரியவில்லை. டிப் மட்டம் என்று நினைத்துப் பெட்டியையே மாற்றினேன். புனலூரில் ஒரு பெரியவர்தான் பழைய டிப்பைக் குறுக்கே வெட்டிக் காட்டினார்.

அடித்தால் என்ன சத்தம் வருகிறது, "டப்" என்றா, "டிக்" என்றா?

பனங்காடு:

"டிக்" என்றுதான் வருகிறது அண்ணா! நல்ல கூர்மையான சத்தம். சாஃப்ட் இப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

மார்த்தாண்டம் கார்னர் பாக்கெட்:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) அடிக்கத் தனிக் க்யூ வைத்திருக்கிறேன். அதற்கு பீனாலிக் டிப் போடலாமா?

நகரிக்காரன்:

பிரேக்குக்கு மட்டும் என்றால் போடலாம். பிசின் கட்டி, அமுங்கவே அமுங்காது, வேகம் கூடும். போட்டிக்குப் போவதாக இருந்தால் அங்கே அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அதே க்யூவில் ஆட்டமும் ஆடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சாக் நிற்காது.

கூடலூர் 9 மிமீ:

செங்கோட்டை அண்ணன் பசையைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ஜெல் தவிர எதையும் தொடுவதில்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போய்விட்டது.

எல்க் மாஸ்டரைப் பாலில் ஊறப்போட்டு வைஸில் வைத்து நெருக்கிக் காயவிடும் ஆட்களும் உண்டு. சாஃப்ட் டிப் இறுகி மீடியம் மாதிரி ஆகிவிடும், ஓரமும் பிதுங்காது. நான் ஒருமுறை செய்து பார்த்தேன், நன்றாகவே வந்தது. பொறுமை வேண்டும்.

பனங்காடு:

நேற்று ஞாயிறு. காலையில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து டிப்பைக் கழற்றினேன்.

முதலில் ஒரு ரூபாயை வைத்துப் பார்த்தேன். நாணயத்தின் விளிம்பு நடுவில் மட்டும் டிப்போடு சேர்ந்தது, இரண்டு பக்கமும் டிப் நாணயத்தைத் தாண்டி நின்றது. டிப் கிட்டத்தட்ட தட்டை. கம்பம்மெட்டு சார் போட்ட கணக்கில் இரண்டாவதாக வந்ததே, அது அப்படியே என் க்யூவில் இருக்கிறது.

அப்புறம் பிளேடால் அடியில் கீறிப் பிரித்தேன். சுலபத்தில் வரவில்லை. வந்ததும் நடுவே வெட்டினேன். மேலே ஒரு மிமீ அளவுக்குத் தோல் தோலாக, நார் நாராக, நீலம் பாரித்து இருக்கிறது. அதற்குக் கீழே கறுத்து, மினுமினுப்பாக, பல்லி முட்டை ஓடு மாதிரி நொறுங்குகிறது. நகத்தால் அழுத்தினால் மேல்பக்கம் பள்ளம் விழுகிறது, கீழ்ப்பக்கம் அசையவே இல்லை. அண்ணன் சொன்ன அதே பசை.

ஒரு மாதமாக என் கையைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டான்ஸை மாற்றினேன், பிடியை மாற்றினேன், தோளை இறக்கினேன். ராத்திரி வீட்டில் சாப்பாட்டு மேசையில் பாட்டிலை வைத்து அதன் வாய்க்குள் க்யூவை நேராக விட்டு விட்டுப் பழகினேன். அதெல்லாம் வீண் போகவில்லை என்று இப்போது சமாதானப்படுத்திக்கொள்கிறேன். மனசு லேசாகிவிட்டது.

சரி, இப்போது முனை மொட்டையாக இருக்கிறது. எது வாங்க?

செங்கோட்டை சாரல்:

மீடியம் வாங்குங்கள். காரணம் சொல்கிறேன்.

உங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய். ஜூனில் மழைக்காற்று நேராக உள்ளே வரும். எங்கள் செங்கோட்டைச் சாரலும் அதே கதைதான். தோல் ஈரம் வாங்கும், சாஃப்ட் இன்னும் இளகும், ஓரம் சீக்கிரம் பிதுங்கும். கூடவே மேசைத் துணியும் ஈரம் வாங்கிப் பந்து ஓட்டம் குறையும். அப்போது எல்லோரும் டிப்பைத்தான் குறை சொல்வார்கள். சாரல் காலத்தில் "மார்க்கர், டிப் செத்துப்போச்சு" என்று வந்து நின்றவர்களில் பாதிப் பேருக்கு நான் டிப்பை மாற்றவே இல்லை. துணியைத் துலக்கி, மேலே விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டேன், பந்து ஓட ஆரம்பித்தது.

நகரி தம்பிக்கு ஹார்டு சரி. அவர் ஊர் வெயிலுக்கும் அவர் அடிக்கும் அடிக்கும் பொருந்துகிறது. கூடலூர்காரருக்கு சாஃப்ட் சரி. 9 மிமீ முனை, 52.5 மிமீ பந்து, பெரிய மேசை, மெதுவான கை, எல்லாமே வேறு. அவர் அதை மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்துச் சீவவும் செய்வார். உங்களுக்கு டிப் பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. மீடியம் சாக்கையும் ஓரளவு பிடிக்கும், வடிவமும் ஓரளவு நிற்கும்.

ஒற்றைத் தோல் மீடியத்தில் லே ப்ரோ போதும். அடுக்கடுக்காகப் பன்றித் தோலை ஒட்டிச் செய்த கமூயி, மூரி மாதிரியானவையும் இருக்கின்றன. ஒரு டிப்புக்கும் இன்னொரு டிப்புக்கும் வித்தியாசம் குறைவு, விலை பல மடங்கு. முதல் முறை நீங்களே ஒட்டப் போகிறீர்கள் என்றால் விலை குறைந்ததில் கை பழகுங்கள். இரண்டு மூன்று கெட்டாலும் மனசு வலிக்காது. இன்னொன்று, ஒரு கம்பெனியின் மீடியமும் இன்னொரு கம்பெனியின் மீடியமும் ஒன்றல்ல. பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து இரண்டு கம்பெனியை ஒப்பிடாதீர்கள்.

ஒட்டும் முறை. ஃபெரூலின் (ஷாஃப்ட் முனையில் டிப் உட்காரும் பூண்) முகத்தில் பழைய பசை துளியும் இருக்கக் கூடாது, மட்டமாக இருக்க வேண்டும். டிப்பின் அடிப்பக்கத்தை உப்புத்தாளைத் தரையில் வைத்து நாலு இழுப்பு இழுங்கள். ஜெல் ஒரு பயறு அளவுதான். வைத்து நடுவைச் சரிபார்த்து ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள், பிறகு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் ஃபெரூலைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். க்யூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றிப் புது பிளேடால் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவுங்கள். அப்புறம் நாணயத்தைப் பார்த்துப் பார்த்து வளைவு. கடைசியாக ஓரத்தை மட்டும் துளி ஈரமாக்கிப் பழைய தோல் துண்டால் சூடு வரும்வரை அழுத்தித் தேயுங்கள், ஓரம் பளபளவென்று இறுகும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காளான் குடை விரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

நகரிக்காரன்:

ஓரம் தேய்ப்பதை நான் செய்ததே இல்லை அண்ணா. அப்படியென்றால் என் பழைய சாஃப்ட் பிதுங்கியதில் வெயிலின் பங்கை விட என் பங்குதான் அதிகம் போலிருக்கிறது. அடுத்த முறை செய்து பார்க்கிறேன்.

கம்பம்மெட்டு:

பனங்காடு, ஒட்டிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைப் பந்தும் பொருள் பந்தும் இரண்டடி தூரத்தில், நேர்கோட்டில். சாக் போட்டு ஒரே பலத்தில் பத்து ஸ்க்ரூ அடியுங்கள். வெள்ளைப் பந்து எவ்வளவு தூரம் பின்னால் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பந்தில் விழுந்த சாக் தடத்தைப் பாருங்கள், எவ்வளவு கீழே தொட்டீர்கள் என்பது அதில் அப்படியே தெரியும். நாம் அடித்ததாக நினைக்கும் இடம் ஒன்று, தடம் காட்டும் இடம் வேறு, பெரும்பாலும் மேலேதான் இருக்கும்.

சாக் என்று பெயர்தான். 1897இல் ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் என்ற இருவர் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து அதில் முக்கியச் சரக்கு சிலிக்காவும் உரசும் துகளும்தான், சுண்ணாம்பு இல்லை. அதனால்தான் கொஞ்சம் பூசினாலும் பிடிக்கிறது. திருகித் திருகித் துளை போட வேண்டாம், ஓரம் வரை மெதுவாகத் தடவினால் போதும்.

பனங்காடு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். லே ப்ரோ நாலு வாங்கினேன். முதலாவது நடுவிலிருந்து நகர்ந்து ஒட்டிவிட்டது, சீவும்போது ஒரு பக்கம் ஃபெரூலுக்கு உள்ளே போய்விட்டது, தூக்கிப் போட்டேன். இரண்டாவது நின்றுவிட்டது. ஓரம் தேய்க்க எங்கள் அப்பாவின் பழைய தோல் செருப்பு வார் கிடைத்தது. ஐந்து நிமிஷம் தேய்த்தேன், தேன் நிறத்தில் பளபளக்கிறது.

சார் சொன்ன சோதனை: பத்தில் ஒன்றுகூட வழுக்கவில்லை. முதல் நாலில் வெள்ளைப் பந்து ஒரு சாண்கூட வரவில்லை. தடத்தைப் பார்த்தேன், நடுவுக்கு ஒரு விரல்கூட கீழே இல்லை. மிஸ் க்யூ பயத்தில் ஒரு மாதமாகக் கை தானாகவே மேலே ஏறியிருக்கிறது. தடத்தைப் பார்த்துப் பார்த்து இறக்கினேன். ஏழாவது அடியில் வெள்ளைப் பந்து தொட்டு, ஒரு நொடி நின்ற இடத்திலேயே சுழன்று, நேராக என்னை நோக்கி மேசையில் பாதித் தூரம் வந்தது. பக்கத்து மேசைக்காரர் தன் அடியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

சத்தம் இப்போது "டப்"புக்கும் "டிக்"குக்கும் நடுவே ஏதோ ஒன்று.

செங்கோட்டை சாரல்:

நல்லது தம்பி. மிச்சமிருக்கும் இரண்டு டிப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். மழை தொடங்கி இரண்டு வாரத்தில் ஒரு நாள் ஃபெரூலின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் டிப்பின் ஓரத்தில் தட்டினால் பிதுங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது படம் எடுத்து இங்கேயே போடுங்கள், சீவலாமா விடலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.